எட்டுக் குழாயும் ஒரே நீளம்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சின்னது. நாமக்கல் போகணும். எட்டு செம்புக் குழாயை அளக்கணும். அளவை ஒரு தாள்ல எழுதிக்கிட்டுத் திரும்பி வரணும்.

யாரை அனுப்பியிருந்தாலும் சரியா முடிஞ்சிருக்கும். என்னை அனுப்பினாங்க.

எழுபதுகளோட கடைசி. சேலத்துல ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டரா சேர்ந்து ஒரு வருஷம் முடியப் போற நேரம். வேலை நிரந்தரமாகணும்னா எங்க புரொபசர் நல்லபடியா ரிப்போர்ட் எழுதணும். வீட்ல பொண்ணு வேற பாத்துக்கிட்டிருந்தாங்க. போற இடத்துல எல்லாம் முதல் கேள்வி, "மாப்பிள்ளை பெர்மனன்ட்டா?" என் பேரைக் கேட்டதே அதுக்கப்புறம்தான்.

புரொபசருக்கு ஒரு ஆசை. புரோட்டானை விரட்டி விரட்டி வேகமா ஓட வைக்கிற ஆக்ஸிலரேட்டர்னு ஒரு மெஷின் இருக்கில்ல, அதுல சின்னதா ஒண்ணு நம்ம காலேஜ்ல செஞ்சு வைக்கணும். எட்டு செம்புக் குழாய் வரிசையா இருக்கும், அதுக்குள்ள பூந்து புரோட்டான் ஓடும். அவரே படம் வரைஞ்சு, நாமக்கல்ல ஒரு லேத்துப் பட்டறைல குழாயைக் கடையக் குடுத்திருந்தார்.

குழாயைப் பொருத்தறதுக்கு முன்னாடி, புரோட்டான் ஒழுங்கா கடைசி வரைக்கும் போகுமான்னு மெட்ராஸ்ல இருக்கற ஒரு கம்ப்யூட்டர்கிட்ட கேக்கணும். அதுக்குக் கண்ணு கிடையாதே! குழாயோட நீளம், ஓட்டை, இடைவெளி எல்லாத்தையும் நம்பரா மாத்திக் கட்டம் போட்ட தாள்ல எழுதி அனுப்பணும். அங்க அதை அட்டைல ஓட்டை ஓட்டையா போட்டு உள்ள தள்ளுவாங்க. எங்களுக்கு மாசத்துக்கு ஒரே முறைதான்.

புரொபசர் தெளிவா சொன்னார். "வரைபடத்தைப் பாத்து எழுதிடாதே. கடைசல்ல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். பொருளை அளந்து எழுது. புரியுதா?"

"புரியுது சார்"னேன். புரியாதப்பவும் அதையேதான் சொல்லுவேன்.

நாமக்கல்ல லாரி பாடி கட்டற ஒரு பட்டறையை ஒட்டினாப்பல அர்த்தனாரி அண்ணனோட லேத்து. அம்பது வயசு, பொறுமையான மனுஷன். எட்டுக் குழாயையும் துணியில சுத்தி வச்சிருந்தார்.

"வாங்க சாமி, டீ குடிக்கறீங்ளா?"

"முதல்ல வேலை"ன்னேன். எம்.எஸ்சி. பேசுது.

குழாய் எட்டையும் மேஜை மேல நட்டுக்க நிறுத்தினேன். திக்குன்னுச்சு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல! ஸ்கூல் பிரேயர்ல குட்டையன்ல இருந்து நெட்டையன் வரைக்கும் நிக்கிற மாதிரி ஏறிக்கிட்டே போகுது.

"என்னண்ணே இது? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம்?"

"படத்துல அப்படித்தானுங்க போட்டிருக்குது. வேணும்னா பாருங்க."

"படத்தைப் பாக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்கார்."

அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். அப்பவாவது நான் உஷாராகியிருக்கணும். ஆனா ஆக்ஸிலரேட்டர் பத்தி நான் பரீட்சைக்குப் படிச்சதே மூணு பக்கம். அதுல குழாய் எல்லாத்தையும் ஒரே நீளமா வரைஞ்சு பாஸ் பண்ணவன் நான். அந்தப் பேப்பரைத் திருத்தின மகராசன் நல்லா இருக்கட்டும்.

"லாரிக்குன்னா கட்டை எல்லாம் ஒரே அளவா வெட்டுவீங்க. காலேஜ் வேலைன்னா அலட்சியமா?"ன்னு கேட்டேன்.

மனுஷனுக்கு முகம் சுண்டிப்போச்சு. "ஏனுங்க தம்பி, இதுவரைக்கும் என் கைல அளவு தப்புனதுன்னு யாரும் சொன்னதில்லீங்க. சரி, படிச்சவங்க நீங்க. என்ன பண்ணோணுங்கறீங்க?"

குட்டையை நீட்ட முடியாது, நெட்டையை வெட்டலாம். இந்த அரிய உண்மையைக் கண்டுபிடிச்சு, "எல்லாத்தையும் முதல் குழாய் அளவுக்கு வெட்டிடுங்க"ன்னு உத்தரவு போட்டேன்.

"நல்லா ரோசனை பண்ணிக்குங்க. வெட்டுனா வெட்டுனதுதானுங்."

"நான் பாத்துக்கறேன்!"

வெட்டி முடிக்கற வரைக்கும் காத்திருந்து அளக்கணும் இல்லையா? எதுக்கு? எப்படியும் ஒரே அளவுதானே ஆகப் போகுது! முதல் குழாயை மட்டும் அளந்தேன். அந்த நம்பரையே எட்டுத் தடவை எழுதினேன். மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சுட்டேன். வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

தாளை வாங்கின புரொபசர் உறையில போட்டு ஒட்டி அன்னைக்கே மெட்ராஸ் அனுப்பிட்டார். என் மேல அவ்வளவு நம்பிக்கை!

பத்து நாள் கழிச்சு, பாய் மாதிரி மடிச்ச பேப்பர்ல பதில் வந்துச்சு. முதல் குழாய்க்குள்ள ஆயிரம் புரோட்டான். மூணாவதுல பாதிகூட இல்ல. அஞ்சாவதுல பூஜ்யம். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் பூஜ்யம் பூஜ்யமா அச்சடிச்சிருந்தாங்க. என் பரீட்சை மார்க் ஷீட்டைக்கூட அப்படிப் பாத்ததில்ல.

புரொபசர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மறுபடி மாட்டினார்.

"எட்டும் ஒரே நீளமாய்யா?"

"ஆமா சார், கரெக்டா ஒரே நீளம்." பாராட்டப் போறார்னு நெனச்சேன்.

"புரோட்டானுக்கு வேகம் கூடிக்கிட்டே போகுதா இல்லையா? ஒரு நிமிஷத்துல நடக்கறவன் எவ்வளவு தூரம் போவான், ஓடறவன் எவ்வளவு தூரம் போவான்? ஒவ்வொரு குழாயையும் அது தாண்டற நேரம் ஒண்ணேதான், வேகம் கூடக்கூட அந்த நேரத்துக்குள்ள அதிக தூரம் ஓடும். அதனாலதானேய்யா அடுத்தடுத்த குழாய் நீளமா இருக்கணும்! எந்தப் புண்ணியவான் இப்படிக் கடைஞ்சது?"

இந்த இடத்துல யோக்கியனா இருந்தா உண்மையைச் சொல்லியிருப்பான். எனக்கோ ரிப்போர்ட் ஞாபகம் வந்துச்சு.

"லேத்துக்காரர்தான் சார். லாரி வேலை செய்யறவரு, பாவம், தெரியல."

சொல்லி முடிச்சதும் எனக்கே அசிங்கமா இருந்துச்சு. ஆனாலும் வாயைத் திறக்கலையே!

"கிளம்பு. நானும் வர்றேன். அந்த ஆளைப் பாத்து நாலு வார்த்தை கேக்கணும்"னு எந்திரிச்சுட்டார்.

நாமக்கல் பஸ்ல புரொபசர் ஜன்னலோரம். பக்கத்துல நான், குளிர்காலத்துல வேர்த்து ஊத்திக்கிட்டு. அண்ணன் குழாயை வெட்டியிருந்தா நான் தப்பிச்சேன், ஆனா மாசக்கணக்கான வேலை பாழ். வெட்டாம இருந்தா வேலை தப்பிச்சுது, நான் பாழ். சாமியை எதைக் கேட்டுக் கும்பிடறதுன்னு தெரியாம, ராசிபுரம் தாண்டற வரைக்கும் ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டேன்.

பட்டறைல நுழைஞ்சதும் புரொபசர் வணக்கம்கூடச் சொல்லல. "குழாயைக் காட்டுங்க."

அண்ணன் துணிமூட்டையை அவுத்தார். புரொபசர் பையில இருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொண்ணா அளந்தார். ஒண்ணு. ரெண்டு. மூணு. கோவமா வந்த முகம் கொஞ்சம் கொஞ்சமா மலருது. எட்டாவதை அளந்துட்டு நிமிர்ந்தார்.

"அருமை! வரைஞ்சபடி அப்படியே இருக்கே! பிரமாதமா கடைஞ்சிருக்கீங்க!"

அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பினார்.

பக்கத்துப் பட்டறை லாரிக்கு அடிச்சிருந்த பச்சைப் பெயின்ட்டை நான் ரொம்ப அக்கறையா பாத்துக்கிட்டிருந்தேன்.

அர்த்தனாரி அண்ணன் கள்ளங்கபடம் இல்லாத மனுஷன். "மன்னிக்கோணுமுங்க சார். தம்பி எல்லாத்தையும் ஒரே நீளமா வெட்டச் சொல்லிட்டுப் போச்சுங்க. ஒரு நாளைக்கு நாலு மணி நேரந்தான் கரண்ட் உடறானுங்க. லாரி வேலையே முடிய மாட்டேங்குது, அதான் இன்னும் தொடலீங்க."

அந்த நேரம் பாத்து மேல இருந்த பல்பு எரிஞ்சுது. அண்ணன் முகமும் பிரகாசமாச்சு.

"ஆ, கரண்ட் வந்திருச்சுங்க! இப்பவே வெட்டிப்புடட்டுங்ளா?"

"வேண்டாம்!" நானும் புரொபசரும் சேர்ந்து கத்தினோம். நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

புரொபசர் என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். வெர்னியரை அண்ணன் கைல குடுத்தார். "நீங்க அளந்து சொல்லுங்க. இவன் எழுதட்டும்."

அண்ணன் ஒவ்வொரு குழாயையும் ரெண்டு தடவை அளந்து சொன்னார். நான் எழுதினேன். எழுதி முடிச்சதும் அவர்கிட்ட, "மன்னிச்சுக்குங்கண்ணே"ன்னேன். "அட உடுங்க சாமி, டீ குடிங்க"ன்னு டம்ளரை நீட்டினார். அன்னைக்கு வாங்கினதுலயே அந்த டீதான் பலமான அடி.

அடுத்த மாசம் மெட்ராஸ்ல இருந்து பதில் வந்துச்சு. புரோட்டான் கூட்டம் எட்டுக் குழாயையும் தாண்டி சௌக்கியமா போய்ச் சேர்ந்துடுச்சு.

என் ரிப்போர்ட்டும் வந்துச்சு. இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு போட்டிருந்தார். கூடவே, என் திறமை என்னன்னு கேட்டிருந்த இடத்துல மனசாட்சிக்குப் பயந்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "கையெழுத்து அழகாக இருக்கிறது."