மேனேஜரைக் கூட்டிப்போகலாமா

முடிச்சூர்,
புதன்கிழமை

அன்புள்ள ஹேமநாத் அண்ணாவுக்கு,

தங்கை வெண்ணிலா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அனைவரும் என்றால் யார் யார் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்ததில் அந்த வரியின் முதல் பாதியை எழுத முடியவில்லை. இரண்டாம் பாதி அப்படியே இருக்கட்டும். நீ நலமா?

குடும்ப வாட்ஸாப் குழுவில் இதற்குள் உனக்கு மூன்று விதமாகக் கதை வந்திருக்கும். அப்பாவின் குரலில் ஒன்று, அம்மாவின் குரலில் ஒன்று, பூவராகன் சித்தப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அனுப்பியது ஒன்று. நான் அங்கே எதுவும் எழுதவில்லை. எதை எழுதினாலும் யாராவது கும்பிடுகிற கை படம் போட்டுவிடுகிறார்கள். என் தோழி அபிகாயில் நாளை இரவு ஷார்ஜா கிளம்புகிறாள். அம்மா உனக்குக் கட்டி வைத்திருக்கும் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

அன்று நான் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை செல்லியம்மன் கோயிலில் பூ போட்டுப் பார்த்தபோது, "வெள்ளை வந்தால் என்ன அர்த்தம், சிவப்பு வந்தால் என்ன அர்த்தம்?" என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது. ஆனால் அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு தீர்மானமாக நின்றார்கள். வீட்டிலேயே பேசி முடித்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். சிறுசேரியில் எங்கள் ஆபீஸில் காப்பி மெஷினை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றவே கூட்டம் போடுவார்கள். அங்கேகூடக் கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் எதற்குத் தூக்குகிறோம் என்பதை ஒருவர் எழுந்து வாசித்துவிடுவார்.

நம் குதிரை பவுனு வந்தது நீ போன பிறகு. அதனால் உனக்கு அதை வீடியோவில் மட்டும்தான் தெரியும். மேனேஜரை நீதான் பம்மல் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாய்க்குட்டியாகச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தாய். ஒரு வேலையும் செய்யாமல், வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று பெயரும் நீதான் வைத்தாய். பவுனு வந்த நாளிலிருந்து அது கொட்டகையை விட்டு அசையவில்லை. பவுனுவின் முன்னங்காலடியில்தான் தூக்கம். வாளித் தண்ணீரில் முதலில் மேனேஜர் வாய் வைக்கும், பிறகுதான் குதிரை குடிக்கும். ஊசி போட ஒருநாள் மேனேஜரைத் தாம்பரம் கூட்டிப் போயிருந்தபோது பவுனு கொட்டகைத் தகரத்தை உதைத்த உதையில் பின்பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் அத்தனை பேரும் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். ஏற்கெனவே சாணி நாற்றம் என்று அவர்கள் அப்பாவோடு பேசுவதில்லை. அதனால் மேலிருந்தபடியே எங்களைப் படம் மட்டும் எடுத்தார்கள்.

படப்பைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை குதிரை வண்டிப் பந்தயம். பவுனுவுக்கு அதுதான் முதல் பெரிய பந்தயம். வண்டி ஓட்டுவது சித்தப்பா. நாயைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். விட்டுவிட்டுப் போனால் பவுனு அந்தக் கூட்டத்தில் மிரண்டு தறிகெட்டு ஓடும், வண்டியில் நிற்கிற சித்தப்பாவின் கழுத்துக்கு ஆபத்து. கூட்டிப்போனால் மேளம், வெடி, பந்தய வண்டிகளின் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு துரத்துகிற பைக்குகள். இவற்றில் எதன் சக்கரத்திலாவது மேனேஜர் மாட்டும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓர் உயிர் நின்றது. அப்பா கூட்டிப்போக வேண்டும் என்றார். அம்மா கூடவே கூடாது என்றாள். அம்மாவுக்கு நாய் பிடிக்காது என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ போனதிலிருந்து அவள் மீன் ஆய்கிற நேரத்தில் வேறு யாரும் பக்கத்தில் போக முடியாது, மேனேஜரைத் தவிர. வாரம் முழுக்க இதே பேச்சு. சாம்பாரில் உப்பு இல்லை என்று ஆரம்பித்தாலும் நாயில் வந்துதான் முடியும். கடைசியில் ஆத்தாளையே கேட்டுவிடலாம், பூ போட்டுப் பார்க்கலாம் என்று சித்தப்பா சொன்னார்.

பூசாரி ஒரு பொட்டலத்தில் மல்லி, ஒரு பொட்டலத்தில் செவ்வரளி கட்டி ஆத்தாள் காலடியில் போட்டார். எடுக்கிறதுக்குக் குழந்தை எங்கே என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணம் ஆகும் வரைக்கும் குழந்தைதான் என்று அம்மா சொன்னதும் ஒப்புக்கொண்டார். நான் எடுத்தேன். பிரித்தேன். வெள்ளை.

"பாத்தியா, ஆத்தாவே சொல்ட்டா," என்றார் அப்பா. "கூட்டினு போலாம்."

"இன்னாது, கூட்டினு போலாமா? வெள்ள வந்தா அது வூட்லயே கெடக்கட்டும்னு தான் நான் வேண்டிக்கினேன்," என்றாள் அம்மா.

"அண்ணி, கொஞ்சம் இருங்க," என்றார் சித்தப்பா. "வெள்ள வந்தா கூட்டினு போயி டெம்போலயே கட்டி வெக்கிறேன்னு நான் வேண்டிக்கினேன். ஆத்தா என் பக்கம்."

மூன்று பேரும் ஆளுக்கொரு அர்த்தத்தை மனதுக்குள் ஆத்தாளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். வேண்டுமானால் இன்னொரு தரம் கட்டிப் போடட்டுமா என்று பூசாரி மெதுவாகக் கேட்டார். உத்தரவு கொடுத்த பிறகு திரும்பக் கேட்டால் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும், அது குடும்பத்துக்கு ஆகாது என்று மூன்று பேரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவர்கள் ஒற்றுமையாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று வேண்டுதலும் வரிசையாக நிறைவேறின. விடிவதற்குள் அம்மா மேனேஜரைக் குளியலறையில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். டெம்போ வந்தது. பவுனு பலகையில் ஒரு கால் வைக்கும், எடுத்துவிடும். வெல்லம் காட்டினார்கள், கெஞ்சினார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள், டெம்போ டிரைவர் கேசவன் தன் பங்குக்கு ஹாரன் அடித்துப் பார்த்தார். அது குளியலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்பா உள்ளே போனார். சாவிக்காக நடந்ததை நான் எழுதவில்லை. மேனேஜர் வெளியே வந்து நேராக டெம்போவில் ஏறிற்று. பவுனு அதன் பின்னாலேயே ஏறிற்று. அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்து, கயிற்றை விடாதே, ஆண்களோடு பின்னால் நிற்காதே, டிரைவர் பக்கத்திலேயே உட்கார் என்றாள். இரண்டு காரியத்தையும் ஒரே ஆள் செய்ய முடியாது என்பது அவளுக்கும் அப்போது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இறங்கிய இடத்தில் அப்பாவும் சித்தப்பாவும் மறுபடி ஆரம்பித்தார்கள். புறப்படுகிற இடத்தில் நாய் இருந்தால்தான் குதிரை அமைதியாக நிற்கும் என்றார் அப்பா. சித்தப்பா டெம்போவை முடிகிற இடத்துக்கு அனுப்பச் சொன்னார்.

"குதிரைக்கு எல்லைக்கோடு எங்க கீதுன்னு தெரியாதுண்ணா. மேனேஜர் எங்க கீதுன்னு தெரியும்."

அப்பா டெம்போவைத் தட்டிக் கேசவனைக் கிளம்பச் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. பவுனு பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜர் குரைத்துக்கொண்டே டெம்போவில் அந்தச் சாலையில் போனது.

எல்லைக்கோட்டருகே போய் நிறுத்தினோம். பின்னால் கம்பியில் மேனேஜரைக் கட்டி, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டு நான் முன்னால் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் யார் யாரோ டெம்போவில் ஏறிவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறதாம். ஒருவர் ஜன்னல் பக்கம் குனிந்து, "நாய்க்கும் ரேஸ் கீதா மேடம்?" என்று கேட்டார். தலைவர் ஒருவர் வந்தார், சரவெடி போட்டார்கள். அவர் போனார், அதற்கும் போட்டார்கள். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேனேஜர் அத்தனை பேர் கால்களுக்கு நடுவில் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போகக் கதவைத் தள்ளினேன். வெளியே ஆட்கள் சாய்ந்து நின்றதால் கதவு திறக்கவில்லை.

அப்போது வண்டிகள் வந்துவிட்டன. முதலில் வந்தது பவுனு. தனியாக வந்தது. மற்றவை கொஞ்சம் பின்னால், அவற்றுக்கும் பின்னால் பைக்குகள். சித்தப்பா வண்டியில் நிமிர்ந்து நின்றிருந்தார். சாட்டையை அவர் தூக்கவே இல்லை. இங்கே மேனேஜர் எழுந்து குரைக்க ஆரம்பித்தது. கயிறு கழுத்தை இறுக்கியது. பக்கத்தில் நின்றவர், அப்பா வயது இருக்கும், குனிந்து அதைத் தடவிக் கொடுத்து முடிச்சில் கை வைத்தார். நான் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். நன்றி சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். முதல் முடிச்சை அவிழ்த்தார், பிறகு இரண்டாவதையும் பொறுமையாக அவிழ்த்தார்.

ஓடுகிற பந்தயக் குதிரையை நிறுத்த இரண்டு ஆள் பலம் வேண்டும் என்று சித்தப்பா சொல்வார். பவுனு தானாகவே நின்றது. மேனேஜர் சாலைக்கு நடுவே ஓடி அதன் முன்னங்கால்களுக்கு இடையில் போய் நின்று வாலை ஆட்டியது. கோட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பின்னால் வந்த வண்டியால் நிற்க முடியவில்லை. அதன் பின்னால் வந்த பைக்குகளாலும் முடியவில்லை. சித்தப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. பவுனுவுக்குப் பின்னங்கால். மேனேஜர் மேல் ஒரு கீறல் இல்லை.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். அப்பா அவரிடம் கட்டுப் போடலாமா, மாவுக்கட்டுப் போடலாமா, தொட்டில் கட்டித் தூக்கி நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "மூணு கால்ல குதிர நிக்காது சார்," என்றார் டாக்டர். அப்பா சாலையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் ஊசியை எடுத்தார். மைக்கில் வெள்ளை டெம்போவின் சொந்தக்காரர் உடனே வண்டியை ஓரங்கட்டும்படி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அடுத்த பந்தயத்துக்கு நேரமாகிறதாம். விழாக்குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து, ஆறுதல் பரிசு என்று ஓர் எவர்சில்வர் அண்டாவை அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். முடிச்சை அவிழ்த்தவரும் வந்தார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று என்னிடம் கேட்டார். தான் அவிழ்த்து விட்டிருக்காவிட்டால் அது அத்தனை பேர் காலடியில் நசுங்கியிருக்கும் என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் மனம் நிறைந்து போனார். குழி தோண்ட ஜேசிபி வருகிற வரை மேனேஜர் பவுனுவின் முன்னங்காலடியிலேயே படுத்திருந்தது. குழி மூடியதும் அதைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

வீட்டில் இப்போது யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. வீட்டிலேயே விட்டிருந்தால் என்கிறாள் அம்மா. புறப்படுகிற இடத்திலேயே வைத்திருந்தால் என்கிறார் அப்பா. கட்டி வைக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன், கட்டித்தான் வைத்தார்கள், அதற்கு மேல் ஆத்தாள் என்ன செய்வாள் என்கிறார் கட்டிலில் கிடக்கிற சித்தப்பா. சித்தி வீட்டார் வந்து அந்த நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார்கள். அதற்கு மட்டும் அப்பா, "அது இன்னா பண்ணுச்சு? பாத்துச்சு, ஓடிப் போச்சு. நானா இருந்தாலும் ஓடிருப்பேன்," என்றார். அண்டா சமையலறை மூலையில் இருக்கிறது. அம்மா அதில் தண்ணீர் பிடிப்பதில்லை.

ஆனால் அண்ணா, நீ பயப்படும்படி ஒன்றும் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இனி இந்த வீட்டில் குதிரை கிடையாது என்று அப்பா எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கொட்டகைத் தகரத்தைப் பிரிக்க ஆளும் சொல்லியிருக்கிறார். மேனேஜர் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே படுக்கிறது. அவர் கையால் ஊட்டினால் சாப்பிடுகிறது. நேற்று வாளியில் வாய் வைத்துவிட்டு, வழக்கம்போல ஒதுங்கி நின்று காத்திருந்தது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். போனில் அவரைத் திட்டாதே. நீ பொங்கலுக்கு வரும்போது மேனேஜர் உன்னை வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். அதற்கு நான் பொறுப்பு.

உன் அறை நண்பர்களுக்கு என் விசாரிப்பைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. செல்லியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், நீ வேண்டிக்கொள்வதை வாய்விட்டே வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை
வெண்ணிலா

பி.கு.: வியாழன் மாலை. இன்று காலை அப்பா கேசவனின் டெம்போவில் மணிமங்கலத்துக்கு ஒரு குதிரை பார்க்கப் போனார். சும்மா பார்க்க மட்டும் என்றார். புதுக் குதிரை நாயோடு ஒத்துப்போகுமா என்று தெரிய வேண்டுமாம், மேனேஜரையும் கூட்டிப்போனார். டெம்போ வந்து நின்றதும் யாரும் கூப்பிடுவதற்கு முன்பே அது ஏறிவிட்டது. குதிரை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மதியம் திரும்பி வந்தபோது வண்டியில் மேனேஜர் இல்லை. வரும் வழியில் வரதராஜபுரத்தில் குதித்துவிட்டது என்கிறார் அப்பா. மணிமங்கலத்திலேயே அது திரும்ப ஏறவில்லை என்கிறார் கேசவன். நான் ஸ்கூட்டியில் இரண்டு இடத்துக்கும் போனேன். படப்பையில் அந்தக் குழி இருக்கிற இடத்துக்கும் போனேன். எங்கேயும் இல்லை.