மேல்வீட்டுத் தண்ணீரின் பன்னிரண்டு படங்கள்

முதலில் தப்பு செய்தவர் மேல்வீட்டு கான்சுகே. யார் கேட்டாலும் தோகுஜி இப்படித்தான் ஆரம்பிப்பார். யாரும் கேட்காவிட்டாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஜூலை மாதம், ஊரே இறங்கி வாய்க்காலில் பாசி அறுத்த அன்று நடந்தது அது. பீவா ஏரிக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் ஒவ்வொரு சமையற்கட்டிலும் ஓர் ஊற்றுத் தொட்டி உண்டு. கபாத்தா என்பார்கள். அரிசி, முள்ளங்கி, முகம் எல்லாம் அங்கேதான் கழுவுவது. சிந்துகிற பருக்கையைத் தொட்டியில் வளரும் கெண்டைகள் தின்றுவிடும். மிச்சத் தண்ணீர் வாய்க்கால் வழியாக அடுத்த வீட்டுத் தொட்டிக்குப் போகும்; வாய்க்காலில் மேலே இருக்கிற கான்சுகே வீட்டிலிருந்து கீழே இருக்கிற தோகுஜி வீட்டுக்கு. அதனால் அந்த ஊரில் ஒருவனைப் பார்த்துத் திருடன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வான். உன் தண்ணீர் அழுக்கு என்றால் பொறுக்கமாட்டான்.

கான்சுகே அதைத்தான் சொன்னார். தோகுஜி வீட்டு வாசலில் ஒரு கை பாசியை வழித்துத் தூக்கிக் காட்டி, இவர் கெண்டை வளர்க்கிறாரா, கம்பளி வளர்க்கிறாரா என்று ஊரார் நடுவில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தோகுஜியின் மனைவி மிட்சுயேயும் சிரித்தாள். அது தனி வழக்கு.

கான்சுகே மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. தோகுஜி காத்திருந்தார். வாய்க்கால் ஓரம் எதிர்ப்பட்டால் காலை வணக்கம் மட்டும் சொல்வார். சொல்லாமல் இருந்தால் தப்பு இவர் பக்கம் வந்துவிடுமே.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் போனபிறகுதான் ஊர் நடுநிலைப் பள்ளியை மூடினார்கள். மேசை நாற்காலி தூக்கிப்போடப் போன தோகுஜிக்கு, குப்பையில் கிடந்த பழைய நுண்ணோக்கியைக் கொடுத்தார்கள். அவர் சுவர் பூசும் கொத்தனாராக ஐம்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவர். மண்சுவருக்குள் வைக்கிற மூங்கில் பட்டையை வளைத்து, கைப்பேசியை நுண்ணோக்கியின் கண் மேல் பொருத்த ஒரு பிடி செய்துகொண்டார். நோக்கம் ஒன்றே. கான்சுகே அனுப்புகிற தண்ணீரில் என்ன அழுக்கு இருக்கிறது என்று படம் பிடித்து ஊருக்குக் காட்டவேண்டும்.

மேல்வீட்டுத் தண்ணீர் உள்ளே நுழைகிற இடத்துப் பாசியைப் பிழிந்து ஒரு துளி வைத்துப் பார்த்தார். பார்த்தவருக்குக் கால் மணி நேரம் வாய் மூடவில்லை. எட்டுக் காலில் கரடி நடந்தது. தலையில் இரண்டு சக்கரம் சுழல ஒன்று போவோர் வருவோரையெல்லாம் வாரி விழுங்கியது. கண்ணாடி உடம்புக்காரி ஒருத்தி. அவள் இதயம் துடிப்பது வெளியே தெரிந்தது. அன்று காலை அதே தண்ணீரில் வாய் கொப்பளித்தது ஞாபகம் வந்தபிறகுதான் தோகுஜிக்கு வாய் மூடியது.

இவ்வளவு சாட்சிகள் ஒரே துளியில் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சாட்சிகள் நிற்கமாட்டேன் என்றன. உயிரோடு இருக்கிறதைப் படம் பிடிப்பது லேசில்லை. விளக்குச் சூட்டில் துளி காய்ந்துவிடும், அதற்குள் எடுக்கவேண்டும். ஈரச் சுவர் காய்வதற்குள் பூச்சுக் கரணை போட்டுப் பழகிய கை, அது பரவாயில்லை. ஓடுகிறதை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. கடைசியில் மிட்சுயேயின் தலையணையைக் கிள்ளிப் பஞ்சில் நாலு இழை பிரித்துத் துளியில் போட்டார். இழைக்குள் சிக்கி எல்லாம் நிதானமாக நடந்தன. செப்டம்பருக்குள் தலையணை பாதியாகிவிட்டது.

பேரும் வைத்தார். எல்லாவற்றிலும் விகாரமானது ஒன்று இருந்தது. பாசியில் ஒட்டிக்கொண்டு, ஏழு கையை விரித்து, அகப்பட்டதை அமுக்கும். பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. தின்றதன் சக்கையைத் தின்ற வாயாலேயே துப்பும். அதற்கு கான்சுகே என்று பேர் வைத்தார். அதை மட்டும் முந்நூறு படம் எடுத்தார்.

மிட்சுயேயின் ஊறுகாய்க் கிண்ணங்களில் பாசித் தண்ணீரைப் பிடித்துவைத்து, மேல்வீடு திங்கள், மேல்வீடு செவ்வாய் என்று சீட்டு ஒட்டியிருந்தார். ஒருநாள் மேல்வீடு வியாழனை அவள் சோயா சாஸ் என்று நினைத்து டோஃபு மேல் ஊற்றிவிட்டாள். இரண்டு பேரும் தின்றுவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவள் இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள்.

தோகுஜி சொன்னார். நவம்பரில் ஊர்க்கூடத்தில் வருஷாந்தரக் கண்காட்சி. எல்லோரும் செவ்வந்தியும் பின்னல் வேலையும் வைப்பார்கள். இவர் பன்னிரண்டு படம் மாட்டப்போகிறார். கீழே ஒரு சீட்டு: 'இவையெல்லாம் கான்சுகே வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவை. கான்சுகேயின் தொட்டி எப்படி இருக்கும் என்று ஊரார் யோசித்துக்கொள்ளவும். கான்சுகே பதில் சொல்லவும்.'

மிட்சுயே காய் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "தோமியே முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

தோமியே என்பவள் கான்சுகேயின் மனைவி. அவளும் மிட்சுயேயும் முப்பது வருஷமாக ஒரே பீப்பாயில் டர்னிப் ஊறுகாய் போடுகிறவர்கள்.

"முகத்தை எதுக்குப் பாக்கறே? ஊறுகாயைப் பாரு."

"ஏங்க, பதினோரு வருஷம் ஆச்சு. அந்தப் பாசியே செத்து மண்ணாப் போயிருக்கும்."

"நான் சாகலையே."

மூன்று நாள் போனது. நாலாம் நாள், சீட்டை நானே எழுதித் தருகிறேன் என்றாள். தோகுஜிக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, பெருமைதான் வந்தது. பதினைந்து வயதுக்குள் அவர் பள்ளியில் உட்கார்ந்ததைவிடச் சாந்து குழைத்தது அதிகம். தூரிகை பிடித்து எழுத வராது. அவளோ ஊர்க்கூடத்து வகுப்பில் இருபது வருஷம் எழுதிப் பழகியவள். அவள் எழுத்து ஒன்றோடொன்று கைகோத்து விலாங்கு மாதிரி ஓடும். அழகாகத்தான் இருக்கும். தோகுஜியால் படிக்கமுடியாது.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முடிந்ததும் அவர் குனிந்து பார்த்தார். கான்சுகே என்ற பேரை மட்டும் அடையாளம் கண்டு விரலால் தொட்டார். இருந்தது.

"நான் சொன்னதைவிட நீளமா இருக்கே?"

"மரியாதை சேத்திருக்கேன். திட்டறதா இருந்தாலும் ஊர் நடுவுல மரியாதையாத் திட்டணும்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. பசை தடவி அவரே ஒட்டினார்.

கண்காட்சி அன்று வேண்டுமென்றே தாமதமாகப் போனார், கழுத்தில் டை கட்டிக்கொண்டு. செவ்வந்திப் பக்கம் ஈ காக்கை இல்லை. கூட்டம் முழுக்க இவர் படத்து முன்னால். நடுவில் கான்சுகே தன் பேர்கொண்ட ஏழு கைப் பிராணியின் முன் நின்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தது. தோகுஜிக்கு உள்ளங்கால் வரைக்கும் இனித்தது.

பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியவில்லை என்று யாரோ சொல்ல, ஊர்ச்சங்கத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை உரக்கப் படித்தார். "'மேல்வீட்டு கான்சுகே அவர்கள் நாள் தவறாமல் எங்களுக்கு அனுப்பும் தண்ணீரில் இத்தனை உயிர்கள் சுகமாக வாழ்கின்றன. தண்ணீர் கெட்டிருந்தால் இவை வாழா. இத்தனை காலம் இதைச் சொல்லாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன். நன்றியுடன், கீழ்வீட்டு தோகுஜி.'"

தோகுஜியின் காதுக்குள் இரண்டு சக்கரம் சுழன்றது. ஒரு நிமிஷம் வேறு யாரோ ஒரு தோகுஜி என்று நினைத்தார். ஊரில் வேறு தோகுஜி கிடையாது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேராக கான்சுகே வந்து, இடுப்புவரை குனிந்து நன்றி சொன்னார்.

தண்ணீர் அனுப்புகிறவர் குனிந்தால், வாங்குகிறவர் அதைவிடக் குனியவேண்டும். அது அந்த ஊர் முறை. தோகுஜி குனிந்தார். அவர் நிமிர்ந்ததும் கான்சுகே மறுபடி குனிந்தார், இவரும் மறுபடி குனிந்தார். டை போய்த் தரையைத் தொட்டது. கூடம் கைதட்டியது.

கான்சுகே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏழு கைப் பிராணியைக் காட்டினார். "இதுக்கு ஏதாவது பேரு இருக்கா, தோகுஜி சான்?" என்று மரியாதையோடு கேட்டார்.

அதிர்ச்சியில் இருக்கிற மனிதனுக்குப் பொய் வராது. "உங்க பேருதான்" என்றார் தோகுஜி.

கான்சுகே மறுபடியும் அழுதார். அந்தப் படம் தன் வீட்டுக் கூடத்துக்கு வேண்டும் என்றார்.

தோகுஜி வீட்டுக்கு வந்தபோது மிட்சுயே டர்னிப் அரிந்துகொண்டிருந்தாள். அவர் நின்றபடியே கேட்டார்.

"நான் சொன்னதையா எழுதினே?"

"பள்ளிக்கூடத்தை முடிச்சிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்களோ, அதை எழுதினேன்."

"அவன் மன்னிப்புக் கேக்கணும். நான் போய்க் குனிஞ்சிட்டு வந்திருக்கேன்."

"கேக்கத்தான் வந்தாராம்." அவள் கை நிற்கவில்லை. "இப்பத்தான் தோமியே வந்து சொல்லிட்டுப் போனா. நீங்க படம் மாட்டறீங்கன்னு தெரிஞ்சதும், ஊர் முன்னாடி சொன்னதுக்கு ஊர் முன்னாடியே மன்னிப்புக் கேட்டுடணும்னு முடிவு பண்ணினாராம். ரெண்டு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தாராம்."

தோகுஜி மெல்ல உட்கார்ந்தார். "அப்புறம்?"

"சீட்டைப் படிச்சாராம். இவ்வளவு பெரிய மனசுக்காரருக்குப் பழசெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகுது, நாம போய்க் கிளறினா அவருக்குத்தான் சங்கடம்னு விட்டுட்டாராம்."

தோகுஜி எழுந்தார். இப்போதே போய் எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார்.

"போங்க. சீட்டு நீங்க சொன்னது இல்லேன்னும் சொல்லணும். நீங்க சொன்னது என்னன்னு கேப்பாங்க, அதையும் சொல்லணும். நீங்களே ஒட்டின சீட்டைப் படிக்க வரலேன்னும் சொல்லணும்."

தோகுஜி மறுபடி உட்கார்ந்தார்.

கான்சுகேயின் மன்னிப்பு இன்னும் வரவில்லை. பன்னிரண்டாவது வருஷம் நடக்கிறது.