வாய் திறக்காத அக்காவின் இலக்கு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. சம்பவம் நடந்தபோது திரைக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்த சாட்சி சொன்னது அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. பிறந்த நாள் முதல் ஒரு பொய்கூடச் சொல்லியறியாத சாட்சி. சந்தேகப்படுகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சந்தேகப்படலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பழைய மரச்சாமான் கிடங்கின் வாசலில் வரிசை ஆரம்பித்துவிடும். வரிசையின் தலை கிடங்கில் இருக்கும். வால் பேருந்து நிறுத்தத்தில் இருக்கும். பேருந்துக்கென்று வந்தவர்கள் தெரியாமல் அந்த வாலில் நின்று, உள்ளே போய், கோடீசுவரர் ஆகும் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு, பேருந்துக்குக் காசில்லாமல் நடந்தே வீடு திரும்பியதுண்டு. வரிசையில் பல் மருத்துவர் நிற்பார். தலைமையாசிரியை நிற்பார். வங்கிக் காசாளர் நிற்பார்; வாரம் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணி அலுத்துப்போய், விடுமுறை நாளில் தன் பணத்தைக் கொடுக்க வந்திருப்பார் பாவம். எதிரே ஒரு டீக்கடை. சக்கரவர்த்தியால் பணக்காரர் ஆனவர் யாராவது உண்டா என்று கேட்டால், ஏன் இல்லை, அந்த டீக்கடைக்காரர் ஆனார். அவர் ஒருவர்தான் உள்ளே போனதில்லை.

சக்கரவர்த்தி என்றால் இலக்குச் சக்கரவர்த்தி. வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, தங்க நிறக் காலணி. முன்பு தொப்பை கரைக்கும் பெல்ட் விற்றுக்கொண்டிருந்தார். அந்த வியாபாரத்தை அவருடைய தொப்பையே முன்னால் வந்து நின்று கெடுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்பதே நல்லது என்ற ஞானம் அதற்குப் பிறகுதான் அவருக்குப் பிறந்தது. இலக்கு கண்ணுக்குத் தெரியாது. அவரிடம் கொடுத்த பணமும் பிறகு கண்ணுக்குத் தெரியாது.

மேடையில் கறுப்புத் துணியால் ஒரு கூண்டு கட்டியிருந்தார்கள். செல்வம் வேண்டுகிறவர் பின்பக்கமாக நுழைந்து, உள்ளே உட்கார்ந்து, தன் இலக்கை மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும். வெளியே சக்கரவர்த்தி பட்டுத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, உள்ளங்கையைத் திரைக்கு நேரே நீட்டி, இலக்கிலிருந்து கிளம்புகிற அலையை, அவர் பாஷையில் "இலக்கலை"யை, வாங்குவார். வாங்கி, அது எந்த வாசலுக்கு உரியது என்று சொல்வார். வெள்ளி வாசல், தங்க வாசல், வைர வாசல். வாசல் உயர உயரக் கட்டணமும் உயரும்.

மூன்று கட்டளைகள் உண்டு. இலக்கை வாய்விட்டுச் சொல்லாதே, சொன்னால் ஆவியாகிவிடும். இலக்குக்குத் தேதி குறிக்காதே, பயந்துவிடும். தொகை குறிக்காதே, குறுகிவிடும். என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்று தெரியாத ஒரு பொருள் வந்து சேரவில்லை என்று யாரால் புகார் கொடுக்க முடியும்? பெல்ட் விற்ற காலத்தில் சக்கரவர்த்திக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் இன்றைக்கும் அதையே விற்றுக்கொண்டிருந்திருப்பார்.

இந்தக் கூண்டுக்குள் ஒரு லிஃப்ட் மெக்கானிக் போய் உட்கார்ந்தார். கூட்டிப்போனது அவர் மனைவியின் தம்பி. தங்க வாசல் மாணவன். வேலையை விட்டுவிட்டு, பணம் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை முழுநேரத் தொழிலாக வைத்திருந்தவன்.

சக்கரவர்த்தி கையை நீட்டினார். தலையைக் கொஞ்சம் குனிந்தார்.

"மகனே, உன் இலக்கின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது. நீ ஏறுகிறாய், இறங்குகிறாய். ஏறின இடத்தில் உன்னால் நிற்க முடியவில்லை."

உலகத்தில் யாரிடம் சொன்னாலும் இது பொருந்தும். லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொன்னால் அழுதுவிடுவார். அழுதார். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டிலிருந்து எத்தனையோ பேரைக் கை கொடுத்து இறக்கியவர், தன்னை இறக்க ஒருவர் வந்துவிட்டார் என்று நம்பிவிட்டார். பிசுக்கைத் துடைக்க வைர வாசல்தான் வழி என்று தீர்ப்பாயிற்று.

வைர வாசலுக்கு வேண்டிய பணம் அவரிடம் இருந்தது. அதுதான் ஆபத்து. தெருமுனையில் நீலக் கதவு போட்ட ஒரு சின்னக் கடை. அதை வாடகைக்கு எடுத்து மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைக்க, புருஷனும் மனைவியும் பல வருஷமாகச் சேர்த்த முன்பணம் அது. மழைக்காலம் வரைக்கும் காத்திருக்கிறேன் என்று கடையின் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். வானம் இப்போதே கறுத்துக்கொண்டிருந்தது. வங்கியில் பணம் இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால், எடுக்க மனைவியின் கையெழுத்தும் வேண்டும்.

மனைவி பெரிய துணிக்கடை ஒன்றில் வேலை செய்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டுகிற வேலை. அடுப்படியில் அவள் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் விஷயத்தை எடுத்தார்.

"ஏங்க, நமக்குத்தான் ஏற்கெனவே ஒரு இலக்கு இருக்கே. முனைக் கடை. எவ்வளவு வேணும்னு தெரியும். எப்போ வேணும்னு தெரியும். அதுக்காக மாசாமாசம் வாயைக் கட்டிச் சேர்த்திருக்கோம். இன்னும் ரெண்டு மாசச் சம்பளம் சேர்ந்தா சாவி கையில."

"அதாம்மா தப்பு! தேதி போட்டா இலக்கு பயந்துடுமாம்."

"நம்ம கடைக்காரர் பயப்படலையே? தேதி போட்டதாலதானே வேற ஆளுக்குக் குடுக்காம வெச்சிருக்கார்?"

"உனக்குப் புரியாது. என்னைப் பார்க்காமலே ஏறி இறங்குற ஆளுன்னு சொன்னார். எண்ணெய்ப் பிசுக்குன்னு சொன்னார். எப்படித் தெரியும்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னிக்குக் கால்ல என்ன போட்டிருந்தீங்க?"

"வேலைக்குப் போடுற பூட்ஸ். ஏன்?"

"அந்தத் திரை தரை வரைக்கும் தொங்குதா?"

"கொஞ்சம் தூக்கலா இருக்கும். பாதம் மட்டும் வெளியில தெரியும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. நான் கையெழுத்துப் போடுறேன்." மெக்கானிக் வாயைப் பிளந்தார். "ஆனா அதுக்கு முன்னாடி என்கூட வேலை பார்க்குற ஒரு அக்காவை உள்ள அனுப்பணும். அவங்க இலக்கை அவர் சரியாச் சொல்லிட்டார்னா, அங்கேயே போடுறேன்."

"யாரு அந்த அக்கா?"

"பாவம்ங்க. கடை திறந்ததிலிருந்து மூடுற வரைக்கும் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர மாட்டாங்க. ஒரு நாள் லீவு கேட்டதில்ல. இத்தனை வருஷமா ஒரு பைசா சம்பளம் வாங்கினதில்ல. வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"அடப்பாவமே," என்றார் மெக்கானிக். கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களை வைத்துத்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து சேர்ந்தாள். சக்கர நாற்காலியில், கழுத்திலிருந்து முழங்கால்வரை சால்வை போர்த்தி, தலையில் அகலத் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடி ஒரு துப்பட்டா. காலில் மட்டும் பளபளவென்று ஒரு ஜோடி காலணி. துணிக்கடை முதலாளி தன் மகளின் கல்யாணத்துக்குக்கூட வாங்கத் துணியாத விலை. சரிவில் ஏற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனது மெக்கானிக்தான்.

"ரொம்ப லேசா இருக்காங்களே?"

"சாப்பிடுறதே இல்லைங்க."

மைத்துனன் ஓடி வந்து நாற்காலியில் இருந்த அக்காவுக்கு வணக்கம் வைத்தான். பதில் வரவில்லை. "பார்த்தீங்களா மாமா! இலக்கு சிதறக் கூடாதுன்னு வணக்கம்கூடச் சொல்லல. பெரிய சாதகி இவங்க!"

நாற்காலி கூண்டுக்குள் போயிற்று. திரை விழுந்தது. திரைக்குக் கீழே அந்தக் காலணிகள் மட்டும் மின்னின. சக்கரவர்த்தி கண்ணைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போலத் தலையைக் கொஞ்சம் குனிந்தார். குனிந்தவர் அப்படியே ஒரு அடி பின்வாங்கினார்.

"பேரலை!" என்று கத்தினார். "இந்த மேடைக்கு இப்படி ஒருவர் வந்ததே இல்லை. தாயே, நீ ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பாய். ஊரே உன்னை நின்று பார்த்துவிட்டுப் போகும். உன் கால் தரையில் படுவதில்லை. உன்னைப்போல் உடுத்த ஆசைப்படாத பெண் இல்லை."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். சரியாகத்தானே சொல்கிறார் என்று அவர் கண் கேட்டது. அவள் தலையாட்டினாள். அதுவரைக்கும் எல்லாம் சரிதான்.

"இவ்வளவு தெளிவான தலையை நான் பார்த்ததில்லை!" சக்கரவர்த்தியின் குரல் தழுதழுத்தது. "உள்ளே ஒரு குழப்பம் இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. இதழ் இதழாகச் செல்வ எண்ணம் மட்டுமே இருக்கிறது. கடலோரம் ஒரு மாளிகை; அதுதானே தாயே உன் இலக்கு? தவறென்றால் பேசு. சரியென்றால் மௌனமாக இரு."

அக்கா மௌனமாக இருந்தாள்.

கைதட்டலில் கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்து, அங்கே குடியிருந்த புறாக்கள் அத்தனையும் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தன. "வைர வாசலுக்கும் மேலே!" என்று முழங்கினார் சக்கரவர்த்தி. "பேரரசு வாசல்! இன்றுதான் திறக்கிறேன்!" அப்படி ஒரு வாசல் இருப்பது அதுவரை அவருக்கே தெரியாது.

மனைவி மேடையேறித் திரையை இழுத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். தொப்பியை எடுத்தாள். துப்பட்டாவை உருவினாள்.

கழுத்தின்மேல் ஒரு முட்டைக்கோசு இருந்தது. நல்ல கெட்டியான, பெரிய முட்டைக்கோசு. சால்வையும் விழுந்தபோது, கீழே துணிக்கடைப் பொம்மையின் பிளாஸ்டிக் உடம்பு.

இந்த இடத்தில் ஜனங்கள் பொங்கி எழுந்தார்கள் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சத்தியம் செய்தாயிற்றே. எழுந்தது மைத்துனன் ஒருவன்தான். மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, யோசிச்சுப் பாரு! மனுஷன் இலக்கை யாரு வேணும்னாலும் சொல்லலாம். ஒரு முட்டைக்கோசோட இலக்கைச் சொல்லிட்டாரே, அவர் எப்பேர்ப்பட்டவர்!"

பலத்த கைதட்டல். தலைமையாசிரியை இரண்டு கையையும் தூக்கித் தட்டினார்.

சக்கரவர்த்திக்கு மட்டும் தன் மாணவர்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கண்கட்டை அவிழ்க்காமலே, "அலை தீர்ந்தது, அலை தீர்ந்தது" என்று முணுமுணுத்தபடி பக்கக் கதவை நோக்கி நடந்தார். மனைவி சட்டென்று குனிந்து பொம்மையின் காலணிகளைக் கழற்றி அவர் பாதையில் வைத்தாள்.

கண்ணைக் கட்டியிருந்த சக்கரவர்த்தி அவற்றைத் தாண்டினார். மைக் ஒயரைத் தாண்டினார். படியில் கைப்பிடி தொடாமல் இறங்கினார். குறுக்கே நீட்டியிருந்த பல் மருத்துவரின் காலை லாவகமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

மெக்கானிக்கின் முகம் மாறியது. வாழ்நாள் முழுக்க இருட்டு லிஃப்ட் குழிக்குள் கால் வைக்கும் இடம் தேடியே பழகியவர் அவர்.

"ஐயா! கண்ணைக் கட்டிக்கிட்டு எப்படிய்யா ஒயரைத் தாண்டினே?" கிடங்கு முழுக்கக் கேட்டது. "என் பூட்ஸைப் பார்த்துட்டா எண்ணெய்ப் பிசுக்குன்னு சொன்னே?"

எல்லோரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். தேய்ந்த செருப்புக்காரருக்குக் கடன் கண்டது, பாலிஷ் போட்டவருக்குப் பதவி கண்டது, புதுச் செருப்புக்காரிக்கு யோகம் கண்டது எல்லாம் அவர்களுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இவ்வளவு நாளும் தங்கள் மனசைப் படித்தவர் என்று நம்பிய ஆள் அவர்கள் செருப்பைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கப்புறம் பக்கக் கதவுவரை சக்கரவர்த்தியால் போக முடியவில்லை. கண்கட்டை அவிழ்த்தது வங்கிக் காசாளர். மூக்கோரம் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. பணப்பெட்டியைத் திறந்து அவரவருக்குத் திருப்பிக் கொடுத்ததும் அந்தக் காசாளரே. பழகின கை.

முனைக் கடையின் நீலக் கதவு, சொன்ன தேதிக்கு, முதல் மழை விழும் முன்பே திறந்தது. அலை எதுவும் வரவில்லை. மாதம் பிறந்ததும் சம்பளத்திலிருந்து ஒதுக்கிய பணம்தான் வந்தது. மைத்துனன் அங்கேதான் இப்போது மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறான். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் புத்தி தெளிந்தார்கள். மீதிப்பேர் அடுத்த தெருவில் நகம் பார்த்துச் செல்வம் சொல்கிறவரிடம் நிற்கிறார்கள்; காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, எச்சரிக்கையாக.

பொம்மைக்குத் தலை இல்லை, அதனால் அவள் முட்டைக்கோசு வைத்தாள். உங்களுக்கு நிஜத் தலையே இருக்கிறது. எவனாவது "வாயைத் திறக்காதே, தொகை கேட்காதே, தேதி கேட்காதே" என்று சொன்னால், அது தோள்மேல் இன்னும் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் ஒரு வரி விடாமல் சொன்ன சாட்சி அந்த வாய் திறக்காத அக்காதான். அன்று மதியமே அவள் தலையை நறுக்கி, வேகவைத்து, மெக்கானிக், மனைவி, மைத்துனன் மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டார்கள்.