இளையபெருமாள் பாகம் பிரித்த வாரம்

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு மனைவியை அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் இளையபெருமாள் ஒரு தீர்மானம் எடுத்தார். வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்குத் தன் கையாலேயே மாற்றிவிடுவது. அதுவும் வருகிற சனிக்கிழமை அம்பிகா வந்து இறங்குவதற்குள். கடைக்காரர் தயவு வேண்டாம். சுவிட்சைப் போட்டால் இருபது நொடியில் அது கண்ணைத் திறக்க வேண்டும். அதைப் பார்த்து அம்பிகா திறந்த வாய் மூடாமல் நிற்க வேண்டும்.

இதைச் செய்யக் கூடாது என்றுதான் அம்பிகா முந்தின நாள் சொல்லியிருந்தாள்.

"அந்தப் பொட்டியத் தொடாதீங்க. டிஸ்க்கு டக்கு டக்குங்குது. அடுத்த வாரம் வந்து நானே கடையில குடுத்துக்கறேன்."

"நான் ஏன் தொடப் போறேன்?"

"மிக்ஸியையும் தொடலைன்னுதான் சொன்னீங்க."

"அது வேற."

"ஆமா, அதுல சட்னிதான் போச்சு."

இளையபெருமாள் முப்பத்தோரு வருஷம் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடை பார்த்தவர். லாரி ஏறும், இறங்கும், அவர் சீட்டுக் கிழிப்பார். ஒரு நாளைக்கு இருநூறு டிரைவர்கள் அவரைத் திட்டுவார்கள். ஓய்வு பெற்றுப் போன வருஷம் உடையார்பாளையத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு திட்டக்கூட ஆளில்லை. அதே வருஷம் ஜூன் மாதம் அம்பிகாவுக்குத் தலைமையாசிரியைப் பதவி உயர்வு வந்தது. பெரம்பலூரைத் தாண்டி ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. தினமும் போய்வர முடியாத தூரம். பெரம்பலூரில் ஒரு வீடு பிடித்துத் தங்கிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கட்கிழமை விடியலில் போவாள்.

"நீங்களும் வந்துடுங்க. ரெண்டு ரூம் இருக்குது" என்று ஜூன் மாதமே கூப்பிட்டாள்.

"பொண்டாட்டி வேலை பாக்குற ஊருக்குப் பொட்டியத் தூக்கிட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"எந்த நாலு பேரு? பேரச் சொல்லுங்க."

இளையபெருமாள் யோசித்துப் பார்த்தார். இரண்டு பேருக்கு மேல் தேறவில்லை. அதில் ஒருவர் திருப்பூருக்குக் குடிபோய் ஆறு மாதமாகிறது.

ஆனாலும் போகவில்லை. ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டால் பிறகு அதைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்பிகாவுக்கு மட்டும் வருஷத்துக்கு முப்பது பிள்ளைகள். பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்வாள். ஏப்ரலில் அதே பத்தியை மறுபடி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வாள். பதினோரு வருஷத்துக் குரல்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இளையபெருமாள் கம்ப்யூட்டரைப் போடுவார். அது பன்னிரண்டு நிமிஷம் முனகிவிட்டு எழுந்திருக்கும். அவர் ஒவ்வொரு குரலாகக் கேட்பார். விக்கிரமங்கலத்துத் தமிழரசன் ஜூனில் 'மழை' என்று சொல்ல மூன்று முறை மூச்சு வாங்குவான். ஏப்ரலில் ஒரே மூச்சில் மழை பெய்துவிடும். அனுசுயா முற்றுப்புள்ளியையே மதிக்க மாட்டாள். அந்தப் பிள்ளைகளை அவர் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக்குள் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். இதை அவர் அம்பிகாவிடம் சொன்னதில்லை. தினமும் போன் செய்வாள். "சாப்டீங்களா?" "சாப்டேன்." "மாத்திரை?" "போட்டாச்சு." நாற்பது நொடி. அதற்குள் இதையெல்லாம் எங்கே சொல்வது?

அந்த டிஸ்க்தான் டக்கு டக்கு என்றது.

அந்தத் திங்கட்கிழமையே ஜெயங்கொண்டம் போய், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் புது டிஸ்க்கும் ஒரு பென்டிரைவும் வாங்கி வந்தார். காப்பி எடுக்கும் புரோகிராமைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டும் என்று வீடியோவில் ஓர் ஆள் சொன்னார். பாதி ஹிந்தி, பாதி வேகம். இளையபெருமாள் ஏழு முறை பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்து இரண்டு டிஸ்க்கையும் மாட்டினார். திரையில் பட்டியல் வந்தது. டிஸ்க் 0, டிஸ்க் 1. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் '0 பழசு, 1 புதுசு' என்று எழுதி அடியில் கோடும் போட்டார். பழைய டிஸ்க்கில் நான்கு பாகம் இருந்தது. ஒன்று நூறு எம்.பி., ஒன்று ஐந்நூறு எம்.பி. அப்புறம் பெரிய சி, அதைவிடப் பெரிய டி. பிள்ளைகள் டி-யில் இருந்தார்கள்.

முப்பத்தோரு வருஷத்து எடைமேடை மூளை உடனே கணக்குப் போட்டது. முப்பது டன் லோடில் தார்ப்பாய் எடை ஒரு எடையா? பேர்கூட இல்லாத அந்த இரண்டு பொடிசுகளையும் தள்ளிவிட்டார். ஓடுகிற சமாச்சாரமெல்லாம் சி-யில்தான். முதலில் அதை ஏற்றுவோம், ஓடினதும் டி-யை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று சி-க்கு மட்டும் காப்பி கொடுத்தார். நீலக்கோடு ஊர ஆரம்பித்தது.

நாலரை மணிக்குப் போன் வந்தது.

"என்னங்க, காப்பி ஆச்சா?"

இளையபெருமாள் நீலக்கோட்டைப் பார்த்தார். "நாப்பது பர்சென்ட்" என்றார்.

"என்னது?"

"பாலு. பாலு நாப்பது பர்சென்ட்தான் இருக்குது. மீதி தண்ணி."

"பால்காரரு மாறிட்டாரா?"

"மாறல. மாறுவாரு போலத் தெரியுது."

அம்பிகா "மாத்திரையப் போடுங்க" என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துச் சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரை. அதில் ஒற்றை வெள்ளை வரி, 'பூட்' செய்ய, அதாவது கிளப்ப, ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. பத்து முறை போட்டார். பத்து முறையும் அதையே சொன்னது. சாயங்காலம் போன்.

"வூட்டப் பூட்டிட்டு உள்ள இருங்க. அந்தப் பக்கம் மழைன்னு சொன்னாங்க. பூட்டிட்டீங்களா?"

"பூட் ஆகலைன்னு உனக்கு யாரு சொன்னது?"

"எது ஆகல?"

"பூட்டு. பூட்டு துருப்பிடிச்சிருக்குதுன்னு சொன்னேன்."

"போன மாசம் வாங்குன பூட்டா?"

"இப்ப வர்ற பூட்டெல்லாம் அப்படித்தான்."

வியாழக்கிழமை காலை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சுத்தமாக முதலிலிருந்து தொடங்குவது என்று இரண்டு டிஸ்க்கையும் மறுபடி மாட்டினார். எந்த ஒயர் எந்த ஓட்டையில் இருந்தது என்பது மறந்துபோயிருந்தது. ஓட்டைகளெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கின்றன? காலண்டர் தாளைப் பார்த்தார். 1 புதுசு. டிஸ்க் 1-ஐ அழிக்கச் சொன்னார். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றார். உண்மையிலேயே நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் தன்னை யாரும் இரண்டு தடவை கேட்டதில்லை என்று கடுப்போடு அழுத்தினார். அழித்தது. 0-விலிருந்து 1-க்குக் காப்பி போட்டார். நீலக்கோடு பாதி வந்தபோதுதான் கவனித்தார். டிஸ்க் 0-வில் நான்கு பாகம் இல்லை. ஒரே ஒரு சி-தான் இருந்தது.

ஒயர் மாறியிருந்தது. அழிந்தது பழைய டிஸ்க்.

அவசரமாக நிறுத்தினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். டக்கு டக்குச் சத்தம்கூட இல்லை. எதிர்வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. தமிழரசனின் மூச்சு வாங்கும் மழை, அனுசுயாவின் முற்றுப்புள்ளி, எல்லாம் இரண்டு ஆமாமில் போய்விட்டது. அம்பிகாவின் பதினோரு வருஷம். அவளுடையது போனதுகூட அவருக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. நாளை மத்தியானம் என்ன செய்வது என்பதுதான் முதலில் தோன்றியது. அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

இரண்டு டிஸ்க்கோடும் பெட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு அதே ஜெயங்கொண்டம் கடைக்குப் போனார். கடையை நடத்தியவள் சத்யப்பிரியா என்கிற முப்பது வயதுக்காரி. பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நூறு எம்.பி. பாகம் எங்க சார்?"

"அது கழிவுன்னு வுட்டுட்டேன்."

"அதுதான் சார் கம்ப்யூட்டர எழுப்பிவிடுறது. உங்க ஊருல பங்கு பிரிச்சா ரெண்டு சென்ட் பொதுவழின்னு வுடுவாங்கல்ல? அந்த வழிய அடைச்சிட்டு வூட்டுக்குள்ள எப்படிப் போவீங்க?"

"தெரியாமப் போச்சும்மா. டி-யில இருந்தது வருமா?"

"அழிச்சதுக்கு மேலயே வேற எழுதியிருக்கீங்களே சார். என்ன இருந்துச்சு?"

"பிள்ளைங்க."

"உங்க பிள்ளைங்க போட்டோவா?"

"இல்ல. எங்களுக்கு இல்ல. வாசிக்கிற பிள்ளைங்க."

சத்யப்பிரியா சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எழுதப் பேரும் ஊரும் கேட்டாள். சொன்னார். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"அம்பிகா டீச்சர் வூட்டுக்காரருங்களா? நான் அவங்ககிட்ட மூணாவது படிச்சேன் சார்."

இளையபெருமாள் குரலைத் தாழ்த்தினார். "டீச்சருக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா."

"சனிக்கிழமை மத்தியானம் வாங்க சார். பாக்கலாம்."

வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மேஜையில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. "மழை" என்று தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாக இல்லை. போன் வந்தபோது, "அம்பிகா" என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. சாப்டேன்."

சனிக்கிழமை மத்தியானம் பெட்டி தயாராக இருந்தது. சத்யப்பிரியா சுவிட்சைப் போட்டாள். பதினெட்டு நொடி. டி-யில் பதினோரு வருஷமும் வரிசையாக இருந்தது.

"எல்லாம் வந்துருச்சு சார்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். இளையபெருமாள் அதைத் தொழில் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உடையார்பாளையம் வருவதற்குள் பயம் இறங்கிப் பழைய தீர்மானம் ஏறிவிட்டது.

ஐந்து மணிக்கு அம்பிகா வந்தாள். கைகால் கழுவக்கூட விடவில்லை. சுவிட்சைப் போட்டு, டிஸ்க்கின் பாகப் பட்டியலையும் திறந்து காட்டினார்.

"யாரு பண்ணுனது?"

"நான்தான்."

"நீங்களா?"

"தாமேன்னு உங்க பாடத்துல வருமே, அந்த மாதிரி. ஒரு ஆளு உதவி கிடையாது."

"இவ்வளவு சின்னதா நூறு எம்.பி.ன்னு ஒண்ணு இருக்குதே, இது எதுக்குங்க?"

இளையபெருமாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பொதுவழியைப் பற்றி, நம்பரை மட்டும் நம்பி டிஸ்க்கைப் பிடிக்கக் கூடாது, பாகங்களையும் அளவையும் எண்ணிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும் என்பதைப் பற்றி, கால் மணி நேரம் பேசினார். அந்த வருஷத்திலேயே அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். அம்பிகா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"கை நடுங்கலையா?"

"எனக்கா?"

"அப்ப நல்லதாப் போச்சு. எங்க பள்ளிக்கூடத்துக்கு யாரோ தானமாக் குடுத்த ஏழு கம்ப்யூட்டரு கெடக்குது. ஒண்ணும் எழுந்திருக்க மாட்டேங்குது. திங்கக்கெழம வந்து பாத்துக் குடுங்க."

"திங்கக்கெழமயா?"

"ஒரு நாளுல முடியாதுல்ல. ஏழுக்கும் ரெண்டு மாசம் வச்சுக்குங்க."

"அது வந்து, வேற யாராவது..."

"ஏன், ஒரு ஆளு உதவி இல்லாம நீங்களே பண்ணுனதுதானே?"

இளையபெருமாள் வாயைத் திறந்தார். முடியாது என்று சொன்னால், ஏன் முடியாது என்றும் சொல்ல வேண்டும். தலையாட்டினார். அம்பிகா டீ போட உள்ளே போனாள்.

அவர் மனம் ஆற டி-யைத் திறந்தார். இந்த வருஷத்துப் பட்டியலின் கடைசியில் அவர் கேட்டிராத ஒரு பதிவு இருந்தது. 'கவியா, இரண்டாம் வகுப்பு.' அழுத்தினார். ஒரு சின்னக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தது.

"எங்கள் பள்ளிக்கு... இளைய... பெருமாள் ஐயா... வருகிறார். அவர்... யார் உதவியும்... இல்லாமல்... தாமே கம்ப்யூட்டரைச்... சரி செய்வார்."

பின்னால் அம்பிகாவின் குரல் கேட்டது. "'தாமே'ங்கறத நல்லா அழுத்திச் சொல்லு கண்ணு."

அழிந்த டிஸ்க்கிலிருந்து எதுவும் மீண்டு வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சத்யப்பிரியா வியாழக்கிழமையே டீச்சருக்குப் போன் போட்டிருக்கிறாள். டீச்சர் தன்னிடமிருந்த பிரதியைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

பதிவின் தேதியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. அவர் அந்தப் பொய்யைச் சொல்லி இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.