இரண்டாம் சரணத்தில் ஜெராக்ஸ் நைனா

அன்றைக்கு வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மைக்குக்கு முன்னால் நான். எனக்கு வலப்பக்கம் ஜெராக்ஸ் நைனா. இடப்பக்கம், மாகறலில் நாற்று நடும் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்திருந்த எல்லம்மாக்கா. வராதவர் எங்கள் நிலைய மேலாளர்; அவர் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. வராத இன்னொன்றும் உண்டு. அது வரவில்லை என்பது பாட்டு ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உத்திரமேரூர் வட்டத்திலேயே நகலை அடியோடு வெறுத்த ஒரே மனிதர், நகல் எடுத்தே பிழைக்கிற ஜெராக்ஸ் நைனாதான். தாலுகா ஆபீசுக்கு எதிரே கடை. 'ஒரு பக்கம் 2, இரு பக்கம் 3' என்று ஓர் அட்டை தொங்கும். அவசரத்தில் வரும் ஜனம் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அசலை இயந்திரத்தின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போய்விடும். நைனா கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடுவார். ஒருமுறை ஒருவருடைய பட்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடி, வாலாஜாபாத் பஸ்ஸை நடுரோட்டில் மறித்தார்.

"யோவ், நெலத்தையே கண்ணாடி மேல வுட்டுட்டு இன்னாத்த எடுத்துக்கினு போற? அதோட நெயலயா?"

என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் நான் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்த வீட்டில் படிப்புக்கு அத்தாட்சி அந்த ஒரே காகிதம். சாயங்காலமே நைனா மொபெட்டில் எட்டு கிலோமீட்டர் வந்து அதை அப்பா கையில் கொடுத்தார். "ஒம் புள்ள நல்லா மார்க் எடுக்கறான். எட்த்த மார்க்க வூட்டுக்குத்தான் எட்த்தாரல" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

அந்தப் படிப்பு என்னைக் கொண்டுவந்து விட்ட இடம் ஒரு சமுதாய வானொலி. ஏரிக்கரை வரை தெளிவாகக் கேட்கும். அதைத் தாண்டினால் கொரகொர. காலை பதினோரு மணிக்கு நேயர் விருப்பம். மாதம் முழுக்க ஒரே பாட்டைத்தான் கேட்பார்கள். எல்லம்மாக்கா இருபது வருஷத்துக்கு முன்னால் வயலில் பாடிய நடவுப் பாட்டு. சென்னையில் ஒரு குழு அதன் பதிவைக் கேட்டு, கிடார் சேர்த்துப் பாடி, கல்யாண மண்டபமெல்லாம் ஆட வைத்துவிட்டது. மதகு, தண்ணீர், நாற்று என்று போகும் பாட்டில் திடீரென்று 'நூறாயிசு, ஒனக்கு நூறாயிசு' என்று ஓர் அடி வரும். ஜனம் அந்த அடிக்குத்தான் எகிறி எகிறி ஆடும். ஏரியை வாழ்த்துகிறார்கள் என்று எங்கள் மேலாளர் விளக்கம் சொல்லியிருந்தார்.

பாட்டு முடிந்த கையோடு போன் வரும்.

"வணக்கம், யார் பேசுறீங்க?"

"நேத்து பேசன அதே ஆளு."

"சொல்லுங்க நைனா, என்ன பாட்டு வேணும்?"

"இப்ப ஓடுச்சே, அதே பாட்டு. ஆனா அது வேணாம்."

"புரியலையே நைனா."

"நீ போட்டது ஜெராக்ஸு தம்பி. அசலப் போடு. ரெண்டாவது சரணத்துல உசுரயே எட்த்துட்டானுங்க!"

அசல் கேசட் அவரிடம்தான் இருந்தது. ஜெராக்ஸுக்கு முன்னால் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவர். வயலுக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிப்போய்ப் பதிவு செய்தவரே அவர்தான். தினசரி பேஜார் தாங்காமல், கொண்டு வாருங்கள், போடலாம் என்றேன். எங்களிடம் கேசட் போடும் கருவி இல்லை. அவரே வாலாஜாபாத்தில் ஒரு கடைக்குப் போய்ப் பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி வந்தார். 'முதன்முறையாக அசல் பாட்டு' என்று நான் மூன்று நாள் முழங்கினேன்.

பொத்தானை அழுத்தினேன். வந்தது கிடார்.

நைனாவைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது.

"நைனா, கேசட் எங்க?"

பையைத் துழாவினார். சட்டையைத் தடவினார். நாற்காலிக்கு அடியில்கூடப் பார்த்தார்.

"வாலாஜாபாத் கடையிலயே வுட்டுட்டேன் தம்பி."

மைக் திறந்திருந்தது. அரை நிமிஷத்தில் தாலுகா ஆபீசிலிருந்து போன். "இன்னா நைனா, அசல வுட்டுட்டு நகல எட்த்தாந்துட்டியா?" பின்னால் ஓர் ஆபீசே சிரித்தது.

அடுத்த அதிர்ச்சி இடப்பக்கத்திலிருந்து. எல்லம்மாக்கா காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பாடுது இந்தப் பொண்ணு. எனக்கு மூச்சு வாங்கற எடத்துல அதுக்கு வாங்கல. எம் போன்லயும் இதான் ரிங்டோனு."

நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். நிலைமையைச் சமாளிக்க, "அக்கா, நீங்களே இப்ப ஒருவாட்டி பாடிடுங்களேன்" என்றேன்.

"வேணாம்!" நைனா துள்ளி எழுந்தார். "இப்ப பாடனா அதுவும் நகலுதான்!"

மறுநாள் நானும் அவரும் வாலாஜாபாத் போனோம். கடைக்காரப் பையன் கொஞ்சமும் கலங்கவில்லை. "டேப்பு சிக்கிக்கிச்சு நைனா. அதே பாட்டு நெட்ல கிளியரா இருந்துச்சு, ஏத்திட்டேன். நல்லதுதான பண்ணேன்?" கேசட் ஆடுகிற மேசையின் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. நைனா மேசையைத் தூக்கி, கேசட்டை உருவி, வேட்டியால் துடைத்தார். நாடாவைச் சிக்கெடுத்துப் பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மறுபடி மூன்று பேரும் உட்கார்ந்தோம். மோட்டார் சத்தம், சேற்றில் கால் இழுபடும் சத்தம், அதற்கு மேலே எல்லம்மாக்காவின் இளம் குரல். இரண்டாம் சரணம். நைனா என் தோளைப் பிடித்தார்.

'ஹச்ச்!'

பதிவுக்குள்ளிருந்து, கண்ணாடி அதிரும்படி ஒரு தும்மல். பாட்டு ஒரு நொடி தடுமாறி, சிரிப்போடு, தாளம் பிசகாமல் தொடர்ந்தது: 'நூறாயிசு, ஒனக்கு நூறாயிசு.'

"நாந்தான்!" என்றார் நைனா. "அந்தத் தும்மலு நாந்தான்!"

இத்தனை நாள் போன் செய்தது ஒரு தும்மலுக்கா?

"யோவ், அது நீதானா?" எல்லம்மாக்கா கன்னத்தில் கை வைத்தார். "குனிஞ்சி நட்டுக்கினு இருந்தேன், எவன் தும்மனான்னு யாரு பாத்தா? தும்மனா சொல்றது வாய்ல வந்துச்சு, சொல்ட்டேன்."

"நீ சொல்ட்ட. எனக்கு அப்டி சொல்ல வூட்ல யாரு கீறாங்க? அவனுங்க தும்மல எட்த்துட்டு நூறாயிச மட்டும் வெச்சிக்கினாங்க. யாருக்குன்னே தெரியாம ஊரே ஆடுது!"

எல்லம்மாக்கா வாய்விட்டுச் சிரித்தார். "உடு நைனா. எத்தினி மண்டபத்துல பாடறாங்க! அத்தினியும் ஒனக்குத்தான்."

அதற்குப் பிறகு நைனாவின் போன் வருவதில்லை. கிடார் பாட்டைப் போடும்போதெல்லாம் இரண்டாம் சரணத்தில், மைக்கை மூடிவிட்டு, நானே ஒரு தும்மல் போட்டுக்கொள்கிறேன்.

வாலாஜாபாத் போய் வந்த பஸ், டீ, நாடாவைச் சரிசெய்த கூலி எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து முந்நூறு ரூபாய். நைனா பாதியைக் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. நூறாயுசுக்கு முந்நூறு என்றால், நைனா இந்த ஊரில் வாழ்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும், இரு பக்கம் எடுக்க அவர் வாங்குகிற அதே மூன்று ரூபாய்.