கைநீளம்

நெய்வேலி வட்டாரத்திலேயே கைநீளம் என்று பெயர் வாங்கி, பிறர் பொருளில் ஒரு குண்டூசியைக்கூடத் தொடாத ஒரே மனிதர் அவர்தான்.

மந்தாரக்குப்பத்தில் என் அப்பாவைச் சேர்த்திருக்கும் முதியோர் இல்லத்தில் அவர் உதவியாளர். பெயரைக் கேட்டதுமே அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் தோண்டித் துருவிக் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேட்டேன். விஷயம் வேறு. கோபத்தில் இருப்பவரிடமிருந்து ஒரு கை நீளம் தள்ளித்தான் நிற்பாராம், அதுவும் பக்கவாட்டில். அவர்களுக்கும் கதவுக்கும் நடுவில் மறந்தும் நிற்க மாட்டாராம். டீக்கடை மாஸ்டர் சிடுசிடுத்தால்கூட இரண்டடி பின்வாங்கி, கையை எட்டி நீட்டித்தான் கிளாஸை வாங்குவார்.

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்றேன்.

"அங்க கரண்டியையும் சேத்து அளக்கணும்ங்க."

அப்பா சுரங்கத்தில் மிஷின் ஓட்டி ரிட்டயரானவர். மறதி நோய் வந்தபிறகு, பகல் இரண்டு மணி ஆனால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிட்டே வருகிறவர்களையெல்லாம் அடிப்பார். "இன்னொரு வாட்டி அடிச்சார்னா நீங்களே கூட்டிக்கினு போயிடுங்க சார்" என்று நிர்வாகி அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அப்பாவைக் குவார்ட்டர்ஸில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

மறுநாள் இரண்டு மணிக்கு நானும் போய் நின்றேன். கைநீளம் முதலில் சொம்பையும் ஊன்றுகோலையும் நைசாக அப்புறப்படுத்தினார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஷிப்ட் முடிஞ்சிடுச்சுங்க, வூட்டுக்குப் போலாம்."

அவ்வளவுதான், அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "அடுத்த ஷிப்ட் ரிலீவர் வராம மிஷினை விட்டுட்டுப் போகச் சொல்றியா? யாருய்யா நீ?"

நான் பாய்ந்து பிடிக்கப் போனேன்.

"புடிக்காதீங்க சார், இன்னும் பயந்துக்குவாரு" என்று தடுத்த கைநீளம், அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "நான்தாங்க ரிலீவரு. முத்தாண்டிக்குப்பத்துலேர்ந்து வரேன். பஸ்ஸு லேட்டுங்க."

ஓங்கிய கை இறங்கியது. "தினம் இதே கதை" என்று முணுமுணுத்தபடி அப்பா கம்பியை விட்டார். "மிஷின்ல ஒரு சத்தம் வருது, பாத்து ஓட்டு."

கைநீளம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்பா கை கழுவி, சாப்பிட்டு, அசந்து தூங்கும்வரை விடவில்லை.

இப்போது தினமும் இரண்டு மணிக்கு, தாமதமாக வந்ததற்காக அப்பாவிடம் திட்டு வாங்குகிறார். அதன்பிறகு அப்பா யாரையும் அடிக்கவில்லை. லீவு நாளிலும் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் வரலன்னா பாவம், அவரு டபுள் ட்யூட்டி பாக்கணுமேங்க" என்றார். அந்த மனிதர் நூறு வயது நன்றாக இருக்கவேண்டும்.