ஆழ்கடலில் நங்கூரம் போட்ட கவிஞன்

என் உடன்பிறப்பும் தரைப்படையின் மாவீரனுமான தம்பி ஹார்லனுக்கு, டொலிடோவிலிருந்து அண்ணன் டுவேன் எழுதுவது. சர்க்கரை நோயையும் மரத்துப்போன இரண்டு பாதங்களையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நான் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவி லொரெட்டாவும் உங்கள் கொழுத்த பூனையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உனக்கென்னப்பா, வியட்நாமில் பதினோரு நாள் கிடங்கில் உட்கார்ந்து தட்டச்சு நாடா எண்ணினாய். தரையில் கால் வைத்தவன் என்று ஒரே படிவத்தில் உதவித்தொகை வந்துவிட்டது. பதினாலு மாதம் கப்பலில் கிடந்த நானும் ஆர்லோவும் மூன்று வருஷமாக அதே உதவித்தொகைக்கு அலுவலகப் படியேறிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்லோவை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் கேக் மேல் விழுந்தவன். அவனுக்கு இப்போது தொண்டையில் புற்றுநோய். அடுத்த கோடையைப் பற்றி வைத்தியர் பேச்சே எடுப்பதில்லை. வியட்நாமில் காட்டை அழிக்க நம் விமானங்கள் தூவிய விஷ மருந்து மழையில் கரைந்து ஆற்றில் இறங்கியது, ஆறு கடலில் இறங்கியது, அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் கப்பலில் காய்ச்சி வடித்து, காபி போட்டு, சூப் வைத்து, பல்லும் விளக்கினோம். உப்பு போய்விட்டதாம், விஷம் மட்டும் ஆவியோடு கூடவே வந்து இன்னும் கெட்டியாகிவிட்டதாம். படித்தவர்கள் இப்போது சொல்கிறார்கள், நாங்கள் குடித்து முடித்து நாற்பது வருஷம் கழித்து.

முன்னாள் படைவீரர் உதவித்தொகை அலுவலகத்தில் பிளெவின்ஸ் என்று ஒருவர். அவர் பின்னால் சுவரில் ஒரு வரைபடம், அதில் ஒரு நீலக்கோடு. "கோட்டுக்கு உள்ளே, ஆத்துல கப்பல் நின்னிருந்தா உதவித்தொகை உண்டு சார். வெளியே கடல்ல நின்னிருந்தா கிடையாது" என்றார். "ஏம்ப்பா, விஷம் அந்தக் கோட்டைப் பாத்ததும் பிரேக் போட்டு நின்னுடுச்சா?" என்று கேட்டேன். "அது என் இலாகா இல்லீங்க."

எங்கள் கப்பல் ஆற்று முகத்துவாரத்துக்குள் நின்றது ஒரே ஒரு நாள், அறுபத்தொன்பது ஜனவரி முதல் தேதி. ஆகா, பிழைத்தோம் என்று அன்றைய கப்பல் பதிவேட்டை வரவழைத்தால், தலையில் இடி! புத்தாண்டின் முதல் பதிவைப் பாட்டாக எழுதலாம் என்பது எங்கள் கடற்படையின் பழைய கிறுக்கு. எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்திருக்கிறான்:

கரையே தெரியாத ஆழ்கடல் மீதில்
கண்ணே உனை எண்ணி நங்கூரம் இட்டோம்.

அட மடப்பயலே! ஆழ்கடலில் எவனாவது நங்கூரம் போடுவானா? சங்கிலி என்ன பத்து மைல் நீளமா? இதைப் பிளெவின்ஸிடம் மேஜையைத் தட்டிக் கேட்டேன். "நங்கூரத்துக்குத் தனியா படிவம் இல்லீங்க. ஆழ்கடல்னு அரசாங்கப் பதிவேடே சொல்லுதே" என்று இரண்டு பேர் மனுவையும் தள்ளிவிட்டார். கையெழுத்துப் போட்ட அதிகாரி செத்துப்போனார், எழுதியவன் பெயரோ அதில் இல்லை. "எழுதினவரே வந்து, கப்பல் ஆத்துலதான் நின்னுச்சுன்னு நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணிக் கொடுக்கட்டும், ரெண்டு ஃபைலையும் திரும்பத் திறக்கறேன்" என்றார்.

வெளியே வந்ததும் ஆர்லோ வாகனம் நிறுத்துமிடத்திலேயே நின்று, இருக்கிற கொஞ்சக் குரலில் கத்தினான். "அந்தக் கவிஞன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்டா டுவேன், இந்தக் கைத்தடி அவன் மண்டையிலதான் ஒடையும்!" "என் பேரைச் சொல்லியும் ஒண்ணு போடு" என்று நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

இதெல்லாம் உன் தகவலுக்காக மட்டும். உதவிக்கு வருகிறேன் என்று நீ தொலைபேசியில் சொன்னது வேண்டாம். தட்டச்சு நாடா எண்ணியவனின் பரிதாபம் எனக்குத் தேவையில்லை, என் வழக்கை நானே பார்த்துக்கொள்வேன். உன் முதுகுவலி தீரவும், உன் புல்வெட்டும் எந்திரம் முதல் இழுப்பிலேயே கிளம்பவும் வேண்டிக்கொள்ளும்,

அண்ணன் டுவேன்

பி.கு.: அந்த மடப்பயல் நான்தான்டா. அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. சேத்தாத்துல நிக்கிறோம், கொசு கடிக்குதுன்னு எழுதினா அது கவிதையா? அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மூணு வருஷமா வாயைத் திறக்கல. இப்ப பயமா இருக்கு. உதவித்தொகை கைக்கு வராமலே ஆர்லோ போய்ட்டான்னா அது என் பாட்டாலதான். திங்கட்கிழமை பத்து மணிக்கு நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணப்போறேன். ஆர்லோவும் வர்றான், கைத்தடியோட, அவன்கிட்ட இன்னும் சொல்லல. நீ கட்டாயம் வா, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உட்காரு. லொரெட்டாவை மட்டும் கூட்டிட்டு வராதே. "கண்ணே"ன்னது யாரைன்னு நோட்டரி கேட்டா, நான் சத்தியத்துல இருப்பேன், பொய் சொல்ல முடியாது. அவளை நீ கட்டிக்கிட்டது அதுக்கு அடுத்த வருஷம்தானே.